பிரஷருக்கு மரபணுப் பரிசோதனை: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர் ரத்த அழுத்தத்தின் பரம்பரைத் தன்மையைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரை, பெற்றோருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம் என்ற அளவில் சரியானதையே சொன்னது. ஆனால் அந்தப் பரம்பரை எப்படிப்பட்டது என்பதற்குள் அது போகவில்லை. கட்டுரையின் அடியிலேயே, உமிழ்நீரைக் குப்பியில் எடுத்து அனுப்பினால் மரபணுக்களைப் படித்துப் பிரஷர் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்வதாக ஒரு விளம்பரமும் இருந்தது. இரண்டையும் ஒருசேரப் படிப்பவர், குடும்பத்தில் நோய் உள்ள எல்லாரும் அந்தக் குப்பியை வாங்கியாக வேண்டும் என்ற முடிவுக்கு வருவதில் வியப்பில்லை. கல்லூரியில் மரபியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பெரும்பாலானோருக்கு அந்தப் பரிசோதனையால் உருப்படியான பயன் எதுவும் கிடையாது. அதே சமயம், மரபணுப் பரிசோதனையால் உயிர் பிழைக்கக்கூடிய ஒரு சிறு கூட்டத்தார் நம்மிடையே உண்டு. அவர்களைத் தேடுவார் இல்லை.

பரம்பரை என்பது கற்பனை அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே வீட்டில் ஒரே குழம்பைச் சாப்பிடுவதால்தான் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அழுத்தம் ஒத்திருக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. கனடாவின் மான்ட்ரியால் நகரில் 1970-களில் தத்துப் பிள்ளைகள் வளர்ந்த குடும்பங்களில் அழுத்தத்தை அளந்தபோது, பெற்ற பிள்ளைகளின் அளவு பெற்றோரின் அளவை ஒட்டிச் சென்றது. அதே வீட்டில் வளர்ந்த தத்துப் பிள்ளைகளிடம் அந்த ஒற்றுமை மிகக் குறைவாகவே இருந்தது. இரட்டையரையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகள், மக்களிடையே காணும் ரத்த அழுத்த வேறுபாட்டில் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு வரை மரபுவழிப்பட்டது என்று கணிக்கின்றன. இந்த விழுக்காடு ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டைப் பற்றியது. ஒருவரின் 150 மி.மீ. அழுத்தத்தில் பாதியைத் தந்தையும் மீதியை உப்பும் தந்தன என்று அதைப் பிரித்துக் காட்ட முடியாது. படித்தவர்களே இந்த இடத்தில் தடுமாறுவதை வகுப்பறையில் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

அந்த மரபு ஒரே மரபணுவிலிருந்து வருகிறதா, பலவற்றிலிருந்து வருகிறதா என்பதற்காக இங்கிலாந்தில் இரண்டு பெரிய மருத்துவர்கள் இருபது ஆண்டு அளவில் மல்லுக்கு நின்றார்கள். மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ராபர்ட் பிளாட், 1947-இல் வெளியிட்ட ஆய்விலும் பின்னர் வந்த கட்டுரைகளிலும், உயர் அழுத்தம் தனியொரு நோய், அது ஒற்றை மரபணுவால் தலைமுறைதோறும் இறங்குவது என்று வாதிட்டார். நோயாளிகளின் நடுவயது உடன்பிறப்புகளை அளந்தால், இயல்பான அழுத்தம் உள்ளவர்கள் ஒரு குவியலாகவும் உயர்ந்தவர்கள் மற்றொரு குவியலாகவும் பிரிந்து நிற்கிறார்கள் என்பது அவர் காட்டிய சான்று. லண்டனிலும் பின்பு ஆக்ஸ்ஃபோர்டிலும் பணியாற்றிய ஜார்ஜ் பிக்கரிங் இதை ஏற்கவில்லை. மனிதர்களின் உயரம் எப்படித் தொடர்ச்சியாக ஏறிக்கொண்டே போகிறதோ அப்படித்தான் ரத்த அழுத்தமும் பரவியிருக்கிறது என்றும், நோய் என்ற கோட்டை நாமே நமது வசதிக்காகப் போட்டுக்கொள்கிறோம் என்றும், இதன் பின்னால் பல மரபணுக்களின் சிறுசிறு பங்கு இருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். மரபணுவைக் கண்ணால் பார்க்க வழியில்லாத காலத்தில், கையில் கட்டும் பட்டையையும் குடும்ப மரத்தையும் மட்டும் வைத்து நடத்திய இந்தச் சண்டையில் பெருந்திரளான நோயாளிகளைப் பொறுத்தவரை பிக்கரிங் வென்றார். பிளாட் முழுக்கத் தோற்றுவிடவும் இல்லை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

பிக்கரிங் சொன்னதை உறுதிப்படுத்த மனித மரபணுத் தொகுதி படிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2007-இல் பிரிட்டனில் ஏழு நோய்களை ஒருசேர ஆராய்ந்த பெரிய கூட்டாய்வில், உயர் ரத்த அழுத்தத்துக்கு மட்டும் உறுதியாகச் சொல்லும்படி ஒரு மரபணு இடம்கூடச் சிக்கவில்லை. தேடிய வலை சிறியது என்பதே காரணம். 2011-இல் ஏறத்தாழ 2 லட்சம் பேரை ஆராய்ந்தபோது 29 மாறுபாடுகள் தெரிந்தன. 2018-இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவில் அந்த இடங்கள் 901 ஆயின. 2024-இல் வெளியான ஆய்வு 2,100-க்கும் மேற்பட்ட தனித்தனி அடையாளங்களைக் காட்டியது. ஊர் கூடி வடம் பிடிக்கும் தேரைப் போன்றது இது. பொதுவாகக் காணப்படும் இந்த மாறுபாடுகளில் ஒவ்வொன்றும் மேல் அளவை (120/80 என்பதில் 120-ஐப் போன்ற எண்ணை) பெரும்பாலும் 1 மி.மீ. அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் அசைக்கும். எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் போட்டால், மேல் பத்து விழுக்காட்டினருக்கும் அடிப் பத்து விழுக்காட்டினருக்கும் இடையே சராசரியாக 17 மி.மீ. வேறுபாடு தெரிகிறது. ஆராய்ச்சியாளருக்கு இது பெரிய வெற்றிதான். நடுவில் நிற்கும் பெருங்கூட்டத்தில் ஒருவராக இருக்கும் உங்களுக்கும் எனக்கும் அந்த மதிப்பெண் சொல்வது மிகக் கொஞ்சம்.

நமக்கு இதில் இன்னொரு குறையும் உண்டு. இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துத் தயாரித்த மதிப்பெண் தெற்காசியர்களிடம் அதே துல்லியத்தோடு வேலை செய்வதில்லை. நம் நாட்டில் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படிக்கும் 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தரவு ஆராய்ச்சியாளர்களுக்கு 2025 ஜனவரியில்தான் திறந்துவிடப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வுக்குழு, காட்டெஸ்டாடின் என்னும் சிறு புரதத்தில் காணப்படும் ஒரு மாறுபாடு அழுத்தத்தை உயர்த்துவதைச் சென்னை, சண்டிகர் ஆகிய நகரத்து மக்களிடம் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டது. இப்படிப்பட்ட வேலை நம்மிடம் இன்னும் நிறைய நடக்க வேண்டும். அது நடந்து முடியும் முன்பே குப்பிகள் விற்பனைக்கு வந்துவிட்டன என்பதுதான் என் குறை.

இந்தச் சிறுசிறு தள்ளுதல்கள் எந்த அளவுக்குச் சூழலோடு கைகோத்தவை என்பதற்கும் சான்று உண்டு. கென்யாவில் லுவோ இன மக்கள் கிராமத்திலிருந்து நைரோபி நகருக்குக் குடிபெயர்ந்த சில மாதங்களிலேயே, ஊரிலேயே தங்கிவிட்ட தம் இனத்தாரைவிட அவர்களுடைய அழுத்தம் உயர்ந்திருந்தது. உணவில் சோடியம் கூடிப் பொட்டாசியம் குறைந்திருந்தது. சில மாதங்களில் யாருடைய மரபணுவும் மாறிவிடாது. பிரிட்டனில் 2 லட்சத்து 77 ஆயிரம் பேரின் தரவை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த முடிவும் இதையே சொல்கிறது. மரபணு மதிப்பெண் குறைந்தவர், நடுத்தரமானவர், மிகுந்தவர் ஆகிய மூன்று பிரிவிலும், நல்ல வாழ்க்கைமுறை உள்ளவர்களின் மேல் அளவு மோசமான வாழ்க்கைமுறை உள்ளவர்களுடையதைவிட 4 முதல் 5 மி.மீ. குறைவாக இருந்தது. மதிப்பெண் எதுவாக இருந்தாலும் மருத்துவர் சொல்லப்போவது ஒன்றேதான் என்றால், அதைத் தெரிந்துகொள்ளப் பணம் கட்டுவானேன்?

இனி பிளாட்டுக்கு வருகிறேன். ஒரே மரபணுவால் உயர் அழுத்தம் வரும் குடும்பங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. எண்ணிக்கையில் அரிது, அவ்வளவுதான். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராண்ட் லிடில் 1963-இல் ஒரு பதின்வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார். அவளுக்கும் உடன்பிறந்தோருக்கும் அழுத்தம் கடுமையாக உயர்ந்திருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் தாழ்ந்திருந்தது. உப்பைப் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்துக்குக் கட்டளையிடும் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை அட்ரீனல் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது நோய். ஆனால் அளந்து பார்த்தால் அந்த ஹார்மோன் ஏறக்குறைய இல்லை. அந்த ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை கேட்கவில்லை. சிறுநீரகக் குழாயில் சோடியம் உள்ளே வரும் வழியையே அடைக்கும் டிரையம்டெரின் கேட்டது. ஆகவே கோளாறு சுரப்பியில் இல்லை, சிறுநீரகத்தில்தான் இருக்கிறது என்று லிடில் ஊகித்தார். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணுக்குச் சிறுநீரகம் செயலிழந்து மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியபோது, அழுத்தமும் பொட்டாசியமும் சீராகிவிட்டன. 1994-இல் ரிச்சர்ட் லிஃப்டனின் குழு மரபணுவையே கண்டுபிடித்தது. சோடியம் நுழையும் வாயிலாக உள்ள புரதத்தின் வால்பகுதி பிழையால் அறுந்துபோவதால், வேலை முடிந்ததும் செல்லின் மேற்பரப்பிலிருந்து அகற்றப்பட வேண்டிய அந்த வாயில் அங்கேயே தங்கித் திறந்து கிடக்கிறது. உப்பு ஓயாமல் உடலுக்குள் திரும்புகிறது. இதற்கு மருந்து அமிலோரைடு என்னும் பழைய மாத்திரை. நோய் இன்னதென்று தெரியாவிட்டால், மூன்று நான்கு வகை மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அழுத்தம் இறங்காமல், இளம் வயதிலேயே பக்கவாதத்தில் போய் முடியலாம்.

இதைப் போன்ற இன்னொன்றில், எட்டாம் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொண்டு ஒரு கலப்பு மரபணு பிறக்கிறது. அதன் விளைவாக ஆல்டோஸ்டிரோன் தனக்குரிய கட்டுப்பாட்டை விட்டுவிட்டு, மூளையடிச் சுரப்பியின் கட்டளைக்கு ஆடத் தொடங்குகிறது. இந்தக் குடும்பங்களில் இளவயதில் மூளையில் ரத்தக் கசிவு மிகுதி. டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டிராய்டு மாத்திரையைச் சிறிய அளவில் கொடுத்தால் அந்தக் கட்டளை அடங்கி அழுத்தம் இறங்குகிறது. ஸ்டிராய்டு அழுத்தத்தை ஏற்றும் என்றே எல்லாரும் படித்திருக்கிறோம். இந்த ஒரு நோயில் அதுவே மருந்து. கோர்டன் நோய் என்பதில் பொட்டாசியம் தாழ்வதற்குப் பதிலாக உயர்ந்திருக்கும். அதற்குத் தயசைடு என்னும் நீர் மாத்திரை போதும்.

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கும் இதில் ஓர் இடம் உண்டு. கார்டிசால் என்னும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தானே எடுத்துச் செய்துவிடாதபடி சிறுநீரகத்தில் ஒரு நொதி காவல் நிற்கிறது. அந்த நொதிக்குரிய மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால், குழந்தைப் பருவத்திலேயே கடுமையான உயர் அழுத்தம் வருகிறது. மரபணு முழுதாக இருந்தும், அதிமதுரத்தை மிகுதியாகவோ நாள்பட்டோ தின்பவர்களுக்கு அதே நொதி அடங்கிப்போய் அதே நோய் தற்காலிகமாக வருகிறது. இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் நாம் கைமருந்தாக எடுத்துக்கொள்ளும் அதே அதிமதுரம்தான். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவோர் அதை வாரக்கணக்கில் மென்றுகொண்டிருப்பதைத் தவிர்ப்பது நல்லது.

நான் சொன்ன நோய்கள் எல்லாமே சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைப்பதில் வந்து முடிவதைக் கவனித்திருப்பீர்கள். எதிர்த்திசையிலும் அப்படியே. அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் நகரவாசிகளிடம் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் உப்பைத் தக்கவைக்க உதவும் மூன்று மரபணுக்களில் ஏதேனும் ஒன்றில் ஒரு பிரதி பழுதாக உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 6 மி.மீ. குறைவாக இருந்தது. இதனால், அழுத்தத்தின் மரபியல் முழுவதுமே சிறுநீரகத்தின் கதைதான் என்று சொல்லிவிடும் ஆசை எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு உண்டு. துருக்கியில் கருங்கடலோரத்துக் குடும்பம் ஒன்று அந்த ஆசையில் மண்ணைப் போட்டது. 1973-இல் நிகாத் பில்கின்துரான் என்னும் மருத்துவர் அதைப் பதிவு செய்தார். குடும்பத்தில் விரல்கள் குட்டையாக இருப்பவர்கள் அனைவருக்கும் உயர் அழுத்தமும் இருந்தது. ஐம்பது வயதை எட்டும்போது பாதிக்கப்படாத உறவினரைவிட அவர்களுடைய அழுத்தம் 50 மி.மீ. அளவுக்கு உயர்ந்திருக்கும், சிகிச்சை இல்லாவிட்டால் பக்கவாதத்தில் இறப்பார்கள். உப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் தேடி, 2015-இல் பி.டி.இ.3ஏ என்னும் மரபணுவில் பிழையைக் கண்டார்கள். ரத்தக் குழாயின் சுவர்த் தசையே பெருகி இறுகுவதால் வரும் அழுத்தம் அது. கை விரலைப் பார்த்தே யாருக்கு நோய் என்று சொல்லிவிடக்கூடிய அந்தக் குடும்பத்துக்கு எந்தக் குப்பியும் தேவைப்பட்டிருக்காது.

தமிழ்நாட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? ஒற்றை மரபணுவால் வரும் நோய்களில் சில, இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படுபவை. திருமணங்களில் கால் பங்குக்கும் மேல் உறவுக்குள் நடக்கும் நம் மாநிலத்தில் அவற்றுக்கு இடம் அதிகம். மாமன் மகளைக் கட்டியதால் சாதாரண ரத்தக் கொதிப்பு வந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நான் சொல்வது குழந்தைகளிடம் காணும் அந்த அரிய வகைகளை மட்டுமே. முப்பது வயதுக்குள் அழுத்தம் உயர்ந்தவர், மூன்று வகை மாத்திரைக்கும் இறங்காதவர், நீர் மாத்திரை எதுவும் சாப்பிடாமலே பொட்டாசியம் தாழ்ந்தவர், குடும்பத்தில் நாற்பதுக்கு முன்பே பக்கவாதம் கண்டவர் இருக்கும் வீட்டார் ஆகியோர்தான் மரபணுப் பரிசோதனைக்கு உரியவர்கள். அதற்கும் முன்பு ரத்தத்தில் பொட்டாசியம், ஆல்டோஸ்டிரோன், அந்த ஹார்மோன் சுரப்பதைத் தூண்டிவிடும் ரெனின் ஆகியவற்றின் அளவுகளைப் பார்க்க வேண்டும். பொட்டாசியப் பரிசோதனை செலவு குறைந்தது. அதைக்கூடப் பாராமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவது நடக்கிறது.

மற்ற பெருங்கூட்டத்துக்கு நம் குறை வேறு. 2020-இல் மாநில அரசு நடத்திய கணக்கெடுப்பில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது; அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. இந்த நிலையில் மரபணு மதிப்பெண்ணுக்குச் செலவிடும் பணத்துக்கு வீட்டில் ஒரு பிரஷர் கருவியை வாங்கிவைப்பது மேல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் இன்று வீட்டு வாசலுக்கே சென்று அழுத்தத்தை அளந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்களிடம் உள்ள படிவத்தில் ஒரே ஒரு பத்தி கூடுதலாக வேண்டும் என்பது என் கோரிக்கை. நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், வயது வந்த பிள்ளைகள் ஆகியோரில் யாருக்கு எந்த வயதில் அழுத்தமோ பக்கவாதமோ வந்தது என்று அதில் எழுத வேண்டும்; அன்றே வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பட்டையைக் கட்டி அளந்துவிட வேண்டும். ஒரு வீட்டில் மூவருக்கு இளம் வயதிலேயே நோய் என்று அந்தப் பத்தி காட்டினால், அவர்களை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும், தேவைப்பட்டால் மருத்துவக் கல்லூரியின் நாளமில்லாச் சுரப்பியியல் துறைக்கும் அனுப்பலாம். அங்கே மரபணுப் பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்வதற்கு அரசு ஏற்பாடு செய்யுமானால், மருத்துவர் பரிந்துரைக்கும் சிலருக்கு மட்டும் தேவைப்படும் என்பதால் அதற்குப் பெரும் நிதி வேண்டியிருக்காது.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, தன் அழுத்தம் மரபணுவால் வந்தது, அதனால் மாத்திரையால் பயனில்லை என்று யாரும் நிறுத்திவிடக் கூடாது. இன்று நாம் சாப்பிடும் மாத்திரைகளில் பல, மேலே சொன்ன அதே சிறுநீரக வாயில்களிலும் ரத்தக் குழாய்களிலும்தான் வேலை செய்கின்றன. மரபுவழியாக வந்த அழுத்தமும் அவற்றுக்கு இறங்கத்தான் செய்யும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மரபணுப் பரிசோதனை விளம்பரங்களை ஏற்றுக்கொள்ளும்போது, அந்தப் பரிசோதனை எத்தனை மாறுபாடுகளைப் பார்க்கிறது, எந்த நாட்டு மக்களின் தரவை அடிப்படையாகக் கொண்டது, லிடில் நோய் போன்ற ஒற்றை மரபணு நோய்களை அது தேடுகிறதா இல்லையா என்ற மூன்று விவரங்களையும் விளம்பரத்திலேயே தெளிவாக அச்சிடும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவக் கட்டுரையின் அடியில் அவை இடம்பெறாமல் வேறு பக்கத்துக்குச் சென்றால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மரபியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.